ஓடிபி சொல்வதும் கையெழுத்துப் போடுவதுதான்



தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டன. குழுவில் சேர்ந்த பெண்களுக்கு அன்று முதலில் சொல்லிக் கொடுத்த பாடம் என்ன தெரியுமா? கையெழுத்துப் போடுவது. கைநாட்டு வைக்கிறவரிடம் எந்தத் தாளை நீட்டினாலும் வைத்துவிடுவார், எதற்கு வைத்தோம் என்று பிறகு அவருக்கே தெரியாது. அதனால்தான் "படிச்சுப் பார்த்துட்டு, இல்லேன்னா படிச்சுக் காட்டச் சொல்லிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடு" என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நம் மூத்த உறுப்பினர்கள் பலர் இன்றும் பெருமையாகச் சொல்வது, "குழுவுக்கு வந்த பிறகுதான் கைநாட்டை விட்டேன்" என்பது.

இன்று மறுபடியும் விரலைக் கேட்கிறார்கள். ரேஷன் கடையில் விரல் வைக்கச் சொல்கிறார்கள். வங்கி முகவர் கருவியில் விரல் வைக்கச் சொல்கிறார். சில இடங்களில் போனை முகத்துக்கு நேராகப் பிடித்து "கண்ணைச் சிமிட்டுங்க" என்கிறார்கள். இல்லையென்றால் போனுக்கு வந்த 6 இலக்க எண்ணைக் கேட்கிறார்கள். விரல், முகம், ஓடிபி எல்லாமே நம் கையெழுத்துதான். தாளும் பேனாவும் இல்லாததால் அது கையெழுத்து என்று நமக்குத் தோன்றுவதில்லை.

நம் அடையாளம் இப்போது வேகமாகப் போனுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இதில் நமக்கு என்ன நன்மை, எங்கே கவனம் வேண்டும், குழுவாக என்ன செய்யலாம் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

ஆதார்: அட்டையா, எண்ணா?

ஆதார் ஆணையம் 2009 ஜனவரியில் அமைக்கப்பட்டது. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிராவில் நந்தூர்பார் மாவட்டம் தெம்ப்லி என்ற சிறு கிராமத்தில் வழங்கப்பட்டது. அதைப் பெற்றவர் ஒரு பெண். இதற்கான சட்டம் 2016-ல் வந்தது.

நம்மில் பலர் ஆதார் என்றால் அந்த அட்டை என்று நினைக்கிறோம். அட்டை தொலைந்தால் பதறுகிறோம். உண்மையில் அட்டை வெறும் தாள். நம்முடைய 12 இலக்க எண், பெயர், முகவரி, பத்து விரல் ரேகை, இரண்டு கண்ணின் கருவிழி, முகப்படம் ஆகியவை ஆதார் ஆணையத்தின் கணினியில் இருக்கின்றன. நாம் விரல் வைக்கும்போது அந்த ரேகை அங்கே போகிறது. இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து "ஆம், இவர்தான்" அல்லது "இல்லை" என்று பதில் வருகிறது.

ஓடிபியும் இப்படித்தான். "இவர்தான் கேட்கிறாரா?" என்று உறுதி செய்ய, ஆதாரில் பதிவாகியுள்ள செல் நம்பருக்கு அந்த எண் வருகிறது. ஆகவே பதிவான நம்பர் யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் நம் சார்பில் "ஆம்" சொல்ல முடியும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போனுக்குள் என்னென்ன வந்திருக்கிறது?

டிஜிலாக்கர்: 2015 ஜூலையில் தொடங்கிய அரசு சேவை. ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை, அவற்றை வழங்கிய துறையிலிருந்தே நேரடியாகப் போனில் பெற்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பெற்ற ஆவணத்துக்கு அசல் ஆவணத்துக்குரிய மதிப்பு உண்டு. நாமே படம் எடுத்து ஏற்றி வைத்த நகலுக்கு அந்த மதிப்பு கிடையாது. மழையில் ஓலை வீடு ஒழுகி சான்றிதழ்கள் நனைந்துபோன குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு இது பெரிய உதவி.

மறைத்த ஆதார்: 12 இலக்கத்தில் கடைசி 4 மட்டும் தெரியும்படி பதிவிறக்கம் செய்துகொள்ளும் ஆதார் இது. லாட்ஜில், கடையில், வாடகை வீட்டுக்கு நகல் கேட்டால் இதைக் கொடுக்கலாம்.

புதிய ஆதார் செயலி: 2025 நவம்பரில் ஆதார் ஆணையம் புதிய செயலி, அதாவது நாம் ஆப் என்று சொல்வதை, வெளியிட்டது. நகல் எதுவும் கொடுக்காமல், கட்டம் கட்டமாக இருக்கும் க்யூஆர் குறியீட்டைக் காட்டி அடையாளத்தை நிரூபிக்கலாம். எந்த விவரத்தைக் காட்டுவது, எதை மறைப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒரே செல் நம்பரைப் பதிவு செய்துள்ள குடும்பத்தினர் 5 பேர் வரை, ஒரே போனில் தங்கள் ஆதாரை வைத்துக்கொள்ளவும் வசதி உண்டு.

முகம் காட்டிச் சரிபார்த்தல்: இதற்குத் தனிக் கருவி வேண்டாம், டச் போனின் கேமராவே போதும். ஓய்வூதியம் வாங்குவோர் வருடா வருடம் தரும் உயிர்வாழ் சான்றை முகம் காட்டிப் பெறும் வசதி 2021 நவம்பரில் வந்தது. அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்கும் 2025 ஜூலை 1 முதல் முகப்பதிவு வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது.

பின் நம்பர் இல்லாமல் பணம் அனுப்புதல்: போன் மூலம் பணம் அனுப்பும் யுபிஐ முறையில், பின் நம்பருக்குப் பதிலாகப் போனிலேயே விரலோ முகமோ காட்டிச் செலுத்தும் வசதி 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. விருப்பம் உள்ளவர்கள் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

போனில் வைக்கும் விரலும் ஆதாரில் வைத்த விரலும் ஒன்றா?

இது கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி. பதில்: இல்லை.

போனைத் திறக்க நாம் பதிவு செய்யும் விரலோ முகமோ அந்தப் போனுக்குள்ளேயே பூட்டி வைக்கப்படுகிறது. அது ஆதார் ஆணையத்துக்குப் போவதில்லை. போன் வாசலுக்குப் போடும் பூட்டு மாதிரி அது. ஆதாரில் கொடுத்த ரேகை வேறு, அது அரசின் தொகுப்பில் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே போனில் இரண்டு மூன்று பேர் விரலைப் பதிவு செய்ய முடியும். வீட்டுக்காரர் விரல், பையன் விரல், நம் விரல் எல்லாம் அதே போனில் இருக்கலாம். பணம் அனுப்புவதற்கும் விரலே போதும் என்று வைத்துக்கொள்ளும் முன்னால், "இந்தப் போனில் யார் யார் விரல் பதிவாகியிருக்கு?" என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. பின் நம்பர் வெளியே தெரிந்துவிட்டால் மாற்றிவிடலாம். விரலையும் முகத்தையும் மாற்ற முடியாது. அதனால் அவற்றை எங்கே கொடுக்கிறோம் என்பதில் கூடுதல் கவனம் வேண்டும்.

உறுப்பினர்கள் என்ன நினைக்கிறார்கள்?

பஞ்சாயத்து அளவிலான கூட்டங்களில் நாங்கள் இந்த விஷயத்தைப் பேசும்போது மூன்று விதமான கருத்துகள் வருகின்றன. மூன்றிலும் நியாயம் இருக்கிறது.

"முகம் வந்தது நல்லதுங்க. பீடி சுத்திச் சுத்தி என் விரல்ல ரேகையே இல்ல. மெஷின்ல நாலு தடவை வச்சாலும் எடுக்காது" என்பது ஒரு கருத்து. இது முழு உண்மை. பீடி, கயிறு திரிப்பு, செங்கல் சூளை, உப்பளம், பாத்திரம் தேய்ப்பது என்று பெண்கள் செய்யும் வேலைகள் பெரும்பாலும் விரல் நுனியைத் தேய்ப்பவை. வயதானால் ரேகை இன்னும் மங்கும். இவர்களுக்கு முகமோ கருவிழியோ நல்ல மாற்று வழி.

"டச் போன் இல்லாதவங்க என்ன பண்றது?" என்பது இரண்டாவது கருத்து. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 54 பேர்தான். அது பட்டன் போனையும் சேர்த்து. போன் இருந்தாலும் எல்லா இடத்திலும் டவர் கிடைப்பதில்லை. மலைக் கிராம உறுப்பினர்களைக் கேட்டால் தெரியும்.

"எல்லாம் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கிறார், எனக்கு எதுக்கு?" என்பது மூன்றாவது. இங்கேதான் நாங்கள் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறோம்.

நம்பர் யாருடையது?

பல குடும்பங்களில் அம்மாவின் ஆதாரில் அப்பாவின் நம்பர் இருக்கும். அல்லது வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பர் இருக்கும். சிலருக்கு ஆதார் எடுத்த காலத்தில் கொடுத்த பழைய நம்பர், இப்போது அந்த சிம்மே இல்லை. இன்னும் சிலருக்கு, பதிவு செய்த அன்று உதவிக்கு வந்த யாரோ ஒருவரின் நம்பர்.

குடும்பத்தில் நம்பிக்கை இருக்க வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடைமுறையை யோசியுங்கள். மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது, பணம் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில்தான் போக வேண்டும் என்று வைத்தார்கள். கணக்கு நம் பெயரில் இருக்கிறது. அந்தக் கணக்கில் வரவு செலவு நடந்தால் செய்தி யார் போனுக்குப் போகிறது? ஆதார் வைத்து ஒரு கடன் விண்ணப்பம் போட்டால் ஓடிபி யாருக்குப் போகிறது? மகன் ஊரில் இல்லாத நேரத்தில் அவசரமாக ஒரு சான்று எடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? கணவர் இறந்த பிறகு அந்த நம்பர் துண்டிக்கப்பட்டு, விதவை உதவித்தொகைக்கு அலைந்த சகோதரிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். துக்கத்தோடு துக்கமாக அந்த அலைச்சலும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே எங்கள் கருத்து இது: டச் போன் சொந்தமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பெயரில், உங்கள் கையில் ஒரு சிம் இருக்கட்டும். பட்டன் போன் போதும், ஓடிபி அதிலும் வரும். அந்த நம்பரை ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பதிவு செய்யுங்கள். ஆதார் பதிவு மையத்தில் நம்பர் மாற்ற 2025 அக்டோபர் 1 முதல் கட்டணம் 75 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

ஏமாற்றுகிறவர்கள் எப்படி வருகிறார்கள்?

முதல் வழி, விரல். வங்கி முகவரிடம் விரல் வைத்துப் பணம் எடுக்கும்போது, "எடுக்கல, இன்னொரு தடவை வைங்க" என்பார். சில நேரம் உண்மையிலேயே கருவி எடுக்காது. சில நேரம் முதல் தடவையே பணம் எடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் திரையில் என்ன தொகை இருக்கிறது என்று பாருங்கள். தோல்வி என்றாலும் அதற்குத் துண்டுச் சீட்டு கேளுங்கள்.

இரண்டாவது வழி, முகம். "திட்டத்துக்குப் போட்டோ எடுக்கிறோம்" என்று சொல்லிப் போனை முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். சாதாரணப் போட்டோவுக்குக் கண்ணைச் சிமிட்டச் சொல்ல மாட்டார்கள். சிமிட்டச் சொன்னால், உயிருள்ள ஆள்தானா என்று ஒரு செயலி சோதிக்கிறது என்று பொருள். உடனே கேளுங்கள்: "இது எந்தத் திட்டம்? எந்த ஆபீஸ்? எதுக்கு?"

மூன்றாவது வழி, ஓடிபி. எங்கள் பகுதிக் குழு ஒன்றில் கடன் வாங்கித் தருவதாக ஒருவர் வந்தார். ஆதார் நகல் வாங்கினார், "சரிபார்க்கணும்" என்று சொல்லி ஆளுக்கு ஒரு ஓடிபி கேட்டார். பெரிய கடன் கிடைக்கும் என்ற ஆசையில் ஆறு பேர் சொன்னார்கள். ஏழாவது உறுப்பினர், "செய்தில என்ன எழுதியிருக்குன்னு என் பொண்ணு படிச்சுச் சொல்லட்டும்" என்றார். மகள் படித்துப் பார்த்தால், கடன் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் என்று இருந்தது. தொகை, வட்டி எதுவும் பேசாமலே சம்மதம் கேட்டிருக்கிறார்கள். உடனே மற்ற ஆறு பேரும் வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஏழாவது உறுப்பினர் நான்காம் வகுப்புப் படித்தவர். படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடு என்ற பழைய பாடம்தான் அவருக்குக் கைகொடுத்தது.

நான்காவது வழி, பயம். "போலீஸ் பேசறோம், உங்க ஆதார்ல குற்றம் நடந்திருக்கு, வீடியோ காலை வைக்காதீங்க, உங்களை டிஜிட்டல் கைது செஞ்சிருக்கோம்" என்பார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லவே இல்லை. போனை வைத்துவிடுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஆதார் சந்தேகங்களுக்கு 1947. தமிழிலேயே பேசலாம்.

சட்டம் நம் பக்கம் என்ன சொல்கிறது?

ஆதார் சட்டத்தின் 8-வது பிரிவு முக்கியமானது. நம் அடையாளத்தைச் சரிபார்க்கிறவர்கள் நம் சம்மதத்தைப் பெற வேண்டும். என்ன விவரம் எடுக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள், வேறு வழி உண்டா என்று நமக்குச் சொல்லவும் வேண்டும். ஆகவே "எதுக்குங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நம் உரிமை.

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசின் நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதார் இணைப்பைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. அதன் பிறகு 2019-ல் வந்த திருத்தச் சட்டப்படி, நாமாக விரும்பினால் இவற்றுக்கு ஆதாரைக் கொடுக்கலாம். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது.

விரல் எடுக்காததால் பொருள் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்புவதும் சரியல்ல. 2017-ல் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்காததால் ரேஷன் நின்றுபோய்ப் பட்டினியால் இறந்தாள் என்று குடும்பம் சொன்னது. அரசுத் தரப்பு மறுத்து, நோய் என்றது. ஆனால் அந்த வீட்டுக்கு ரேஷன் நின்றுபோனதால் நாடே இந்தக் கேள்வியைப் பேசியது. விரல் எடுக்கவில்லை என்றால் கருவிழி, ஓடிபி, பதிவேட்டில் எழுதி வழங்குதல் என்று வேறு வழிகள் இருக்கின்றன. நடக்க முடியாத முதியவர்களுக்காக வேறொருவர் பொருள் வாங்கப் படிவம் கொடுக்கும் வழியும் இருக்கிறது.

புதிய தொழில்நுட்பம் வரட்டும், நாம் கற்றுக்கொள்வோம். ஆனால் "டச் போன் இருந்தால்தான், முகம் பொருந்தினால்தான்" என்று வேறு வழியே இல்லாமல் ஆக்கினால், முதலில் விட்டுப்போகிறவர்கள் வயதான பெண்களும் தனித்து வாழும் பெண்களும் கூலி வேலைக்குப் போகும் பெண்களும்தான். இதைக் கேட்டுச் சொல்ல வேண்டிய இடம் நம் கூட்டமைப்பு.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு உறுப்பினரின் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பதிவான நம்பர் யாருடையது என்று விசாரியுங்கள். நம்பரையோ ஆதார் எண்ணையோ நோட்டில் எழுத வேண்டாம். "சொந்த நம்பர் உண்டு, இல்லை" என்று மட்டும் குறியுங்கள்.

2. இல்லாதவர்களை ஊக்குநர் ஒரே நாளில் சேர்த்து ஆதார் மையத்துக்கு அழைத்துப் போகலாம். தனியாகப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. சேர்ந்து போனால் ஒருவருக்கொருவர் துணை. 5 வயதும் 15 வயதும் தாண்டிய பிள்ளைகளுக்கு ரேகையைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால் அவர்களையும் கூட்டிச் செல்லுங்கள்.

3. குழு ஆவணத்தில் உறுப்பினர்களின் ஆதார் நகல் இருந்தால் பூட்டிய பெட்டியில் வையுங்கள். இனி நகல் கொடுக்கும்போது "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

4. வாட்ஸ்அப் குழுவில் யாரும் ஆதார் படத்தைப் போட வேண்டாம். போட்டிருந்தால் அழித்துவிடுங்கள்.

5. ஓடிபி கேட்டால், செய்தியை முழுவதும் படித்த பிறகே முடிவு செய்யுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் குழுவில் நம்பிக்கையான ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். போனில் அழைத்துக் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்ல வேண்டாம்.

6. நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று, 2023-ல் தொடங்கிய சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில் பார்க்கலாம். நம் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்பதை, கடன் தகவல் நிறுவனங்களிடம் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். கூட்டமைப்பு அலுவலகத்தில் இதற்கு உதவுகிறோம்.

7. ஆதாரில் விரல், கருவிழி, முகம் மூன்றையும் பூட்டி வைக்கும் வசதி உண்டு. பூட்டினால் வேறு யாரும் பயன்படுத்த முடியாது. ஆனால் ரேஷன் கடையில் விரல் வைக்கும் முன் நாமே திறக்க வேண்டும். திறக்கத் தெரிந்தவர்கள் மட்டும் பூட்டுங்கள்.

8. உங்கள் ஊரில் விரலோ முகமோ பொருந்தாமல் ரேஷன், சத்துணவு, உதவித்தொகை கிடைக்காமல் திரும்பியவர்கள் இருந்தால், எந்த நாள், எந்த இடம், என்ன பதில் சொன்னார்கள் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கூட்டமைப்புக்குக் கொண்டு வாருங்கள். ஒருவர் சொன்னால் புகார் என்பார்கள். இருபது குழு தீர்மானம் போட்டால் அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும்.

இதில் முதல் வேலையை மட்டுமாவது இந்த மாதமே முடித்துவிடுங்கள். எத்தனை உறுப்பினர்களுக்குச் சொந்த நம்பர் இல்லை என்ற கணக்கை ஒவ்வொரு குழுப் பிரதிநிதியும் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வர வேண்டும். ஆதார் பதிவு முகாமை நம் பஞ்சாயத்துக்கே வரவழைக்க மனு கொடுக்க, அந்தக் கணக்கு நமக்குத் தேவை.

அன்புடன்,
கள ஒருங்கிணைப்பாளர்கள்